மதாமுக்கு ஆங்கிலம் தெரியாது

கடையில் சாமான் வண்டியை ஜினெட் தள்ளமாட்டாள். அதன் இடது ஓரக் கம்பியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கூடவே நடப்பாள். தள்ளுவது லோர்ன். விரல் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். வெண்ணெய் விலை ஏறியிருந்தால் பொட்டலத்தை எடுத்துக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்துப் புருவத்தைத் தூக்குவாள். அவன் தோளைக் குலுக்குவான். பொட்டலம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். மீன் பக்கம் வந்தால் மட்டும் அவள் முன்னால் போய்விடுவாள், மீனவன் மகளுக்கு அங்கே யார் யோசனையும் தேவையில்லை. கல்லாவில் ஒரு தலையாட்டல், நன்றிக்குப் பிரெஞ்சில் ஒரு "மெர்ஸி". காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியவள்போல ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள்.

"அந்த வெண்ணெயப் பாத்தியா? அதுக்குப் பசுவையே வாங்கிக் கட்டிப்போடலாம்."

"இருபது வருஷமா ஊமைப் பொண்டாட்டியோட கடைக்கு வந்துட்டிருக்கேன்," என்பான் லோர்ன். "எனக்கொண்ணும் குறையில்ல. மத்த ஆம்பளைங்கதான் பொறாமைல சாகறாங்க."

கில்மோரில் எல்லாருக்கும் இந்தக் கூத்து தெரியும், பள்ளிப் பிள்ளைகளைத் தவிர. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஜினெட்டுக்கு, அதாவது அவர்களுடைய மதாம் மாலேவுக்கு, ஆங்கிலம் தெரியாது. ஆசிரியையை அவர்கள் மதாம் என்றுதான் கூப்பிடவேண்டும். அவள் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் சொல்லும் அதுதான்.

காகித ஆலையை நம்பி ஆற்றோரம் வளர்ந்து, ஆலை மூடியபிறகும் பழக்கதோஷத்தில் இருந்துகொண்டிருக்கும் ஊர் கில்மோர். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழியான மாகாணத்தில் ஆங்கிலம் பேசுகிற ஊர். ஒரு மணி நேரம் வண்டியோட்டிக் கடலோரம் போனால் ஜினெட் பிறந்த கிராமம், அங்கே நாய்கூடப் பிரெஞ்சில்தான் குரைக்கும். அவள் அப்பா சிங்கி இறால் பிடித்தவர். பிடித்ததை விற்கக் கம்பெனி வாசலுக்குப் போகும்போது தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுவார். எதிரே இருந்தவர்கள் அவருடைய மொழியில் ஒரு சொல் பேசி அவள் கேட்டதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள், அந்த ஆங்கிலப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்தாள்.

அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படிக்க இரண்டு வாசல் உண்டு. ஒன்று முதல் வகுப்பில். அதில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். இரண்டாவது வாசல் ஆறாம் வகுப்பில். ஐந்து வருடம் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு, சரி, இதையும் பார்ப்போம் என்று பதினொரு வயதில் வந்து நிற்கிறவர்களுக்கு. கணக்கும் பூகோளமும் உடற்பயிற்சியும் திடீரென்று ஒரே நாளில் பிரெஞ்சுக்கு மாறிவிடும். அந்த வகுப்புதான் ஜினெட்டுடையது.

முதல் வருடம் அவள் ஒரு தவறு செய்தாள். செப்டம்பரில் ஒரு பையன் வயிற்றுவலி என்று அழுதபோது மனசு கேட்காமல் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னாள். அவ்வளவுதான். தண்ணீர் பள்ளத்தைத் தேடும், பிள்ளைகள் ஆங்கிலத்தைத் தேடுவார்கள். அந்த வருடம் முழுக்க அவள் பிரெஞ்சில் கேட்டாள், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். மறு வருடம் வகுப்புக்குள் நுழையும்போது அவளுக்கு ஆங்கிலம் மறந்துபோயிருந்தது.

ஊர் அதற்குத் துணைநின்றது. பள்ளி அலுவலகத்து டார்லீன் கதவைச் சாத்தாமல் அவளிடம் பேசமாட்டாள். பெற்றோர் வந்தால் பிள்ளையைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் பேச்சு. பெட்ரோல் போடுகிறவன், தபால்காரி, பல் டாக்டர் வீட்டு வேலைக்காரி எல்லாரும் அவளிடம் படித்தவர்கள். தங்களுக்குத் தெரியவந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, அடுத்த தலைமுறைக்கு அதை மறைத்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் எப்படியோ அப்படி.

ஆனால் அவளுக்கு ஐம்பத்தேழு வயது. சொல்லால் முடியாததைக் கையால், முகத்தால், முழங்காலால் நடித்துக் காட்டவேண்டும். ஆவியாதல் என்றால் தானே ஆவியாகி மேசைமேல் ஏறவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட ஃப்ரிக்கோவை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்த மொழியும் வேண்டாம் என்றிருக்கும். லோர்ன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கையில் கொடுப்பான்.

அந்த வருடத்து வகுப்பில் இரண்டு பேர் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் ஓவன். வாய்த்துடுக்கு. வந்த மூன்றாவது வாரமே பிரெஞ்சில் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டான், அதனால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்துபோயிற்று. இன்னொருத்தி கெய்லீ ஹாலி. மரம் ஏற்றும் லாரி ஓட்டும் டிராயின் மகள். சின்ன வகுப்பில் எழுத்துக்கூட்டவே திணறியவள். 'இதுக்கு ஒரு மொழியே தத்தளிக்குது, இன்னொண்ணு எதுக்கு' என்று அப்போது முதல் வாசலை அடைத்திருந்தார்கள். இப்போது தானே கேட்டு இரண்டாவது வாசலுக்கு வந்திருந்தாள். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓரமாக உட்காருவாள். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. நவம்பரில் ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தரையிலிருந்து பொறுக்கி எடுப்பவள்போலப் பிரெஞ்சில் சொன்னாள்:

"மதாம், பனி... விழுது. ஆனா நான்... குளிர் இல்லை."

ஜினெட் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்குவதற்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கிடையாது.

பிப்ரவரியில் தலைமையாசிரியை ஹெதர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய விதத்திலேயே விஷயம் தெரிந்தது.

"ஆறாம் வகுப்பு வாசல மூடப் போறாங்க, ஜினெட். பிரெஞ்சு வாத்தியாருங்க கிடைக்கல, பிள்ளைங்க எண்ணிக்கை பத்தல, அப்படி இப்படின்னு. முதல் வகுப்புல சேர்றவங்களுக்கு மட்டும் போதுமாம். மத்தவங்களுக்கு தினம் ஒரு பீரியட்."

"ஒரு பீரியட்ல என்ன வரும்? கலர் பேரு வரும். வாரத்து ஏழு நாளோட பேரு வரும்."

"அதைத்தான் வந்து சொல்லணும். கல்விக் குழு அடுத்த வாரம் இங்கயே, நம்ம விளையாட்டுக் கூடத்துல கருத்துக் கேக்கறாங்க. பெத்தவங்க பேசுவாங்க. ஆனா அந்த அறைக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல உன்ன விட்டா யாரு இருக்கா?"

"பிள்ளைங்க வருவாங்களா?"

ஹெதருக்குப் புரிந்தது. "வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லிடறேன். எல்லாருக்கும் தகவல் அனுப்பிடறேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் லோர்ன் ஒரு யோசனை சொன்னான். "பிரெஞ்சுலயே பேசிடேன்."

"அந்தக் குழுவுல ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது."

"பிரெஞ்சப் பத்தி முடிவெடுக்கறவங்களுக்கா?"

"சிரிக்காதே."

"நான் எங்க சிரிச்சேன். இருபத்தஞ்சு வருஷம் ஆலைல வேலை பாத்தேன். காகிதம்னா என்னன்னு தெரியாதவன்தான் அதை மூடினான்."

கூட்டத்தன்று ஊர்ப் பனிவிளையாட்டு அரங்கில் பனிக்கட்டி உறையவைக்கும் இயந்திரம் கெட்டுப்போயிற்று. ஹாக்கிப் பயிற்சி ரத்து. பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாத பெற்றோர், ஹெதரின் தகவலை மறந்தவர்களும் மதிக்காதவர்களுமாக, கையோடு கூட்டிவந்துவிட்டார்கள். ஜினெட் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது முன்வரிசையில் பாதி வகுப்பு உட்கார்ந்திருந்தது. ஓவன் கையில் ஒரு துணிப் பதாகை, எழுத்துப் பிழையோடு, பிரெஞ்சில். டிராய் கடைசியாக வந்தான். மகளைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறை. கெய்லீ கோட்டுத் தொப்பியை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வேணா பிள்ளைங்கள நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று டார்லீன் காதோரம் கேட்டாள்.

"பதாகைய எடுத்துட்டு வந்திருக்காங்க. எப்படி வெளிய அனுப்பறது?"

குழுத் தலைவர் வெர்னன் ஸ்டைல்ஸ் நல்ல மனிதர். எல்லாரையும் வரவேற்றார், பனியில் வந்ததற்கு நன்றி சொன்னார், ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்றார். பெற்றோர் பேசினார்கள். டிராய் ஒலிவாங்கியை லாரி கியரைப் பிடிப்பதுபோலப் பிடித்தான்.

"எனக்குப் பேச வராது. என் மகளுக்கும் வராதுன்னு சொன்னாங்க. ஆறு வயசுல சொன்னாங்க. இப்ப அவ சாப்பாட்டு மேசைல எங்கிட்ட உப்பு கேக்கறா, பிரெஞ்சுல. எனக்குப் புரியல. மிளகைக் கொடுத்தேன். அதுக்கும் நன்றி சொன்னா." கூடம் சிரித்தது. "அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். மூடாதீங்க."

அடுத்து மதாம் மாலே.

அவள் பிரெஞ்சில்தான் ஆரம்பித்தாள். ஆறு வயதில் ஒரு குழந்தை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் இன்னொரு வாசல் வேண்டும் என்று. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் புரிந்தது. மேடையில் இருந்த ஒருவர் பேனாவைத் திறந்து மூடினார். இன்னொரு அம்மாள் முகத்தில், கோயில் பாட்டுக் கேட்பவருடைய மரியாதை இருந்தது.

வெர்னன் இருமினார். "மன்னிக்கணும் மதாம். கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எங்க யாருக்கும் ஒண்ணும் விளங்கல. நீங்க பேசினீங்கன்னு குறிப்புல எழுதிக்கறோம்."

ஓவன் எழுந்து நின்றான். "நான் சொல்றேன் சார். மதாம் என்ன சொல்றாங்கன்னா... ஒரு வாசல் இருக்கு. ஆறு வயசு. அப்புறம்... அந்த வாசல்ல..." காது சிவந்துகொண்டே போயிற்று. அவனுக்கு அர்த்தம் தெரியும், திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. ஐந்தே மாதப் படிப்பு. மேடையில் பேனாவைத் திறந்து மூடியவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை ஜினெட் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள், கம்பெனி வாசலில்.

"உட்காருப்பா, ஓவன்," என்றாள். ஆங்கிலத்தில்.

பிறகு நிற்கவில்லை. ஆங்கிலத்தில், கடலோரத்து இழுவையோடு, தடங்கலே இல்லாமல் பேசினாள். இந்தப் பையன் செப்டம்பரில் நாற்காலி என்ற சொல்கூடத் தெரியாமல் வந்தவன் என்றாள். நீங்கள் இப்போது பார்த்தது தோல்வி இல்லை, ஐந்து மாத வேலை, இன்னும் ஐந்து மாதம் கொடுத்துவிட்டு வந்து கேளுங்கள் என்றாள். முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க யாருக்கு நேரமும் விவரமும் இருக்கிறது, இரவு வேலைக்காரனுக்கா, காட்டில் லாரியோட்டுகிறவனுக்கா என்றாள். ஆறாம் வகுப்பு வாசலையும் அடைத்தால் இந்த மாகாணத்தில் இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு என்று வைத்திருக்கும் வேலையெல்லாம் யார் வீட்டுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும் என்றாள். மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. வெர்னன் நிறுத்தவில்லை.

முன்வரிசையை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. பதாகை தரைக்கு இறங்கியிருந்தது. "அடப்பாவி," என்றது ஒரு குரல், மெதுவாக, மரியாதையோடுகூட. கெய்லீ மட்டும் தலையை மடிக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். கூடம் கைதட்டியபோதும் நிமிரவில்லை.

குழு கலந்துபேசியது. அடுத்த வருடம் வகுப்பு இருக்கும், போதுமான பிள்ளைகள் சேர்ந்தால். அதற்கடுத்த வருடத்தைப் பிறகு பார்ப்போம்.

காரில் லோர்ன் சொன்னான், "காப்பாத்திட்டே."

அவள் இரண்டு விரலால் முன்பலகையை இரண்டு தட்டு தட்டினாள். அவன் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை ஓவன் கையைத் தூக்கினான். ஆங்கிலத்தில் கேட்டான், சாவகாசமாக, கடைக்காரரிடம் பேசுவதுபோல.

"மதாம், நான் பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?"

"பிரெஞ்சுல கேளு."

"எதுக்கு மதாம்? உங்களுக்குத்தான் புரிஞ்சிருச்சே."

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அது இன்னும் கஷ்டம். அன்றே மடை திறந்துவிட்டது. பின்னத்தைப் பற்றி அவள் கைகளை விரித்து நடித்துக்கொண்டிருக்கும்போது, "இங்கிலீஷ்ல ஒரு தடவ சொல்லிடுங்களேன் மதாம், உங்களுக்கும் கை வலிக்காது," என்றாள் ஒரு பெண், நிஜமான கரிசனத்தோடு. ஜினெட் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். அவர்கள் ஆங்கிலத்திலேயே கேட்டார்கள். முதல் வருடம் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை முழங்கால் வலியோடு. கடையில் பிள்ளைகள் ஓடிவந்து, "ஹலோ மதாம்! என்ன வாங்கறீங்க?" என்றார்கள். லோர்ன் பக்கத்தில் வண்டியைப் பிடித்தபடி நின்றான்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். இந்த வகுப்பைக் காப்பாற்றியதும் கெடுத்ததும் ஒரே மூச்சில் நடந்தது என்று தோன்றியது. மிச்ச நாற்காலிகள் அப்படியே தரையில் இருந்தன.

கெய்லீ மட்டும் மாறவில்லை. குறைவாகத்தான் பேசினாள், ஆனால் பேசியதெல்லாம் பிரெஞ்சு. மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

"ஏன்டி சிரமப்படறே? அவங்களுக்கு உன்னவிட நல்லா இங்கிலீஷ் வரும்."

"வரும்," என்றாள் கெய்லீ. அதையும் பிரெஞ்சில் சொன்னாள்.

அது கோபம் என்று ஜினெட் நினைத்தாள். பொய் சொன்னவளிடம் கணக்காகப் பேசுவது, தேவைக்கு மேல் ஒரு சொல் கொடுக்காமலிருப்பது. கூட்டத்தில் கவிழ்ந்த அந்தத் தலை அவளுக்கு மறக்கவில்லை. ஏப்ரலில், பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால், அவளை நிறுத்திப் பிரெஞ்சில் கேட்டாள்.

"என்மேல கோபமா, கெய்லீ?"

"இல்லை, மதாம்."

"நான் உங்க எல்லார்கிட்டயும் மறைச்சேன். கோபப்படலாம், தப்பில்ல."

பிள்ளை நெடுநேரம் சொல் தேடினாள். தேடிப்பார்த்துவிட்டு, கிடைத்ததை மட்டும் கொடுத்தாள்.

"மதாம்... நீங்க களைப்பு."

பையை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடிவிட்டாள். கிழவியாகிவிட்டேன் என்று சொல்கிறாளாக்கும் என்று ஜினெட் நினைத்துக்கொண்டாள். பொய்யில்லையே என்றும் நினைத்தாள்.

மே மாதம் சிலர் பிரெஞ்சுக்குத் திரும்பிவந்தார்கள். கெய்லீ பிரெஞ்சில் கேட்பதைப் பார்த்து அவள் பக்கத்தில் இருந்தவளும் கேட்டாள். ஓவன் திட்டுவதை மறுபடி பிரெஞ்சுக்கு மாற்றினான். பாதி வகுப்பு வரவே இல்லை. அடுத்த வருடத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், மட்டுமட்டாக. வகுப்பு இருக்கும். யார் எடுப்பது என்று ஹெதர் கேட்டாள். மறுநாள் ஜினெட், "நான்தான், வேற யாரு," என்றாள்.

ஒரு விஷயம் வெகுநாள் கழித்துத்தான், கெய்லீ வாயாலேயே தெரியவந்தது. அவள் அம்மா டான்யாவுக்கு நெடுஞ்சாலைக் காபிக்கடையில் விடியற்காலை வேலை. காரைவிட்டு இறங்காமல் வெளியே இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியில் சொல்லிவிட்டு, ஜன்னலில் வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கவனிப்பது. அப்பா லாரியோடு காட்டுக்குப் போய்விடுவதால், பேருந்து வரும்வரை கெய்லீ கடையின் பின்னறையில் காகிதக் கோப்பைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருப்பாள். ஆள் முகம் தெரியாத அந்தப் பெட்டியிடம் மட்டும் ஜினெட் தினமும் காலையில் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறாள். பள்ளி திறந்த முதல் வாரத்திலிருந்தே அந்தக் குரல் பின்னறைவரை கேட்டிருக்கிறது. "பெரிய காபி, டான்யா. இன்னிக்கு ஒரே களைப்பு, உடம்பு வரமாட்டேங்குது." கெய்லீ யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. கூட்டம் நடந்த அன்று காலை அந்தக் குரல் பெட்டியிடம், "சாயங்காலம் பேசணும். பிள்ளைங்க மட்டும் வந்துடக் கூடாது," என்று சொல்லியிருக்கிறது. அதனால்தான் அவள் அப்பாவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள், வரமாட்டேன் என்று. உள்ளே இழுத்துவந்தபிறகு, மதாம் ஆங்கிலத்தில் பேசும்போது, தான் அங்கே இருப்பது அவர் கண்ணில் படக்கூடாது என்று குனிந்துகொண்டாளாம்.